மந்தர ஸ்தாயியின் தனிக் கச்சேரி

டபுள் பேஸின் ஆகத் தாழ்ந்த சுரத்தை அந்த வாத்தியம் முழுதாக ஒலிப்பதில்லை. குறைந்ததைக் கேட்பவரின் செவிதான் கட்டி முடிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால், இந்தப் பெரிய வாத்தியத்துக்கென்று தனி இசை எழுதுவது ஏன் கடினம், ஏன் அது அத்தனை அழகு என்ற இரண்டும் விளங்கிவிடும்.

வயலின் குடும்பத்தில் ஆகப் பெரியது டபுள் பேஸ். நிறுத்தி வைத்தால் கிட்டத்தட்ட 1.8 மீற்றர் உயரம். வாசிப்பவர் பக்கத்தில் நின்றோ, உயரமான ஸ்டூலில் அமர்ந்தோ அதை அணைத்துப் பிடிப்பார். நான்கு தந்திகள். அவை செக்கனுக்கு ஏறத்தாழ 41, 55, 73, 98 தடவை அதிரும்படி சுருதி கூட்டப்படும். மேற்கத்திய இசைக்குழுவில் இது அடித்தளம். ஜாஸில் வில்லை ஒதுக்கிவிட்டு விரலால் மீட்டுவார்கள். பேஸ் கிற்றார் பரவுவதற்கு முந்திய திரைப்பாடல்களின் அடியில் சீராக நடந்துபோகும் கனத்த ஒலி பல இடங்களில் இதனுடையதுதான். எப்போதும் யாருக்கோ துணையாக நின்ற வாத்தியம் இது. அது தனியாக மேடையேறும்போது என்ன நடக்கிறது என்பதே இங்கே பேச்சு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மன்னாரின் வெயிலில், 30 பாகை வெப்பத்தில், ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் ஓடும். 41 ஹேர்ட்ஸ் சுரத்தின் ஓர் அலை அப்படியானால் எட்டரை மீற்றர் நீளம். இவ்வளவு நீண்ட அலையைக் காற்றில் கிளப்ப ஒரு பெரிய உடல் வேண்டும். வயலினின் உடல் 35, 36 சென்ரிமீற்றர். அதன் ஆகத் தாழ்ந்த தந்தி 196 ஹேர்ட்ஸ். அதே விகிதத்தில் டபுள் பேஸைச் செய்தால் உடல் மட்டுமே 1.7 மீற்றர் வரும், கழுத்து வேறு. அதை எவரும் எட்டிப் பிடித்து வாசிக்க முடியாது. பாரிஸின் வாத்திய வினைஞர் வியோம் 1850இல் ஏறக்குறைய மூன்றரை மீற்றர் உயரத்தில் 'ஒக்டோபாஸ்' என்ற ஒன்றைச் செய்தார். அதில் கை எட்டாததால் நெம்புகோல்களாலும் மிதிகளாலும் தந்தியை அழுத்த வேண்டியிருந்தது. இப்படி எட்டாமல் போகும் என்பதால் வாத்தியம் செய்பவர்கள் வெகு முன்னரே ஒரு சமரசத்துக்கு வந்திருந்தார்கள்: 1.1 மீற்றர் அளவு உடல், 105 சென்ரிமீற்றர் அளவு தந்தி. கைக்கு இது எட்டும். ஆனால் உடலுக்குள் அடைபட்ட காற்று சுமார் 60 ஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில்தான் நன்றாக அதிர்கிறது. அதற்குக் கீழே உள்ள அதிர்வை வாத்தியம் காற்றுக்குக் கொடுக்கத் திணறுகிறது.

செவியும் அங்கே கைகொடுப்பதில்லை. 1000 ஹேர்ட்ஸ் ஒலியை ஒரு இளம் செவி 2 டெசிபெல் அளவிலேயே கேட்டுவிடும். 40 ஹேர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் 50 டெசிபெல் தாண்ட வேண்டும். ஆற்றலில் அது பல்லாயிரம் மடங்கு. வாத்தியம் குறைவாகக் கொடுக்கிறது. செவி குறைவாக வாங்குகிறது. ஆனாலும் கச்சேரியில் அந்தத் தாழ்ந்த சுரம் நெஞ்சை நிறைக்கிறது.

ஒரு தந்தி ஒருபோதும் ஒற்றைச் சுரமாக அதிர்வதில்லை. 41இல் அதிரும் தந்தி கூடவே 82, 123, 165, 206 என்று மடங்கு மடங்காகவும் அதிரும். இந்த மேற்சுரங்களை வாத்தியம் நன்றாகவே ஒலிக்கிறது. நம் மூளை அவற்றுக்கு இடையிலான சீரான இடைவெளியைப் பிடித்து, இவை எல்லாம் 41இன் பிள்ளைகள் என்று முடிவுகட்டி, அந்த 41ஐயே கேட்கிறது. 1841இல் ஜேர்மனியின் ஆகஸ்ட் ஸேபெக் துளையிட்ட சைரன் தட்டுகளைக் கொண்டு இதை முதலில் காட்டினார். ஆய்வகம் இல்லாமலும் நாம் இதை நாள்தோறும் அனுபவித்தோம். பழைய தொலைபேசி 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வு 100, 120 அளவில்தான் இருக்கும். அப்படியிருந்தும் அப்பாவின் குரலை அதில் கீச்சுக் குரலாக யாரும் கேட்டதில்லை.

இதனால், டபுள் பேஸுக்குத் தனி இசை எழுதுபவர் உண்மையில் மேற்சுரங்களோடுதான் வேலை செய்கிறார். இது தமிழ்ச் செவிக்குப் புதிதல்ல என்பது என் உறுதியான எண்ணம். சரியாகச் சுருதி கூட்டிய தம்புராவின் மந்தரத் தந்தியில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழும்பி வருவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடிப்படையையே முதலாவதாக எண்ணினால், அது தந்தியின் ஐந்தாவது மேற்சுரம். அதைக் கேட்கத் தெரிந்தவருக்கு டபுள் பேஸின் பாதி இரகசியம் ஏற்கெனவே தெரியும்.

தந்தியை வில் எப்படிப் பேச வைக்கிறது என்ற கேள்விக்கு நல்ல விடை ஒன்றைத் தந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன். ஒளிச்சிதறலுக்காக நொபெல் பரிசு பெறுவதற்கு வெகு முன்னரே, 1907 முதல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்த காலத்தில், அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவின் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்துக்குப் போய்த் தந்திகளை ஆராய்ந்தார். வில்லால் இழுக்கும் தந்தி, கண்ணுக்குத் தெரிவதுபோல் வளைந்து வளைந்து ஆடுவதில்லை. அதில் ஒரு கூரான மூலை உண்டாகி, தந்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடித் திரும்புகிறது. ரொசின் என்ற பிசின் பூசிய குதிரைமயிர் தந்தியைப் பிடித்து இழுக்கும். மூலை வில்லைக் கடக்கும் கணத்தில் பிடி நழுவும். மூலை திரும்பி வரும்போது மீண்டும் பிடிக்கும். இந்த இயக்கத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். வில் எந்த இடத்தில், எந்த வேகத்தில் நகர்ந்தால் என்ன வகை அசைவு பிறக்கும் என்பதை முறையாக வகுத்துக் காட்டியது ராமனின் 1918ஆம் ஆண்டு நூல்.

சீராக இழுக்கும் வில்லிலிருந்து துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்று வியப்பவர்கள் வட இலங்கையின் பட்டங்களைக் கேட்டாலே போதும். பட்டத்தின் தலையில் ஒரு வளைந்த வில்லைக் கட்டி, அதில் நாரோ நாடாவோ இழுத்துப் பூட்டுவதுதான் விண். வாடைக்காற்றில் பட்டம் ஏறினால் விண் விடாமல் ஒரு கனத்த சுருதி பிடிக்கும். காற்று துடிக்கவில்லை, ஒரே போக்காய் வீசுகிறது. நாடாதான் அந்த ஒரே போக்கிலிருந்து தனக்கான துடிப்பை எடுத்துக்கொள்கிறது. இயற்பியலில் வில்லும் தந்தியும், நாகசுரத்தின் சீவாளியும், விண்ணும் ஒரே இனத்தவை: சீரான உந்தலைத் தாமே அதிர்வாக மாற்றுபவை.

ராமன் 1920இல் வயலின் வாசிக்கும் ஒரு பொறியையும் செய்தார். அதில் வில் அசையாது நிற்க, வயலின் முன்னும் பின்னும் போகும். ஒரு சுரம் உடையாமல் நிற்க வில்லை ஆகக் குறைந்தது எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அதைக் கொண்டு அளந்தார். வில்லின் வேகம் கூடினால் அழுத்தமும் கூட வேண்டும். தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற மரத்துண்டுக்குக் கிட்ட வில் போனால் அது மிக விரைவாக ஏறும். வாத்தியத்தின் உடல் அதிர்வோடு ஒரு சுரம் சரியாகப் பொருந்திவிட்டால் உடல் தந்தியின் ஆற்றலை அள்ளி விழுங்கிவிடும். சுரம் நிலைகொள்ளாமல் உறுமும். மேற்கில் இதை ஓநாய்ச் சுரம் என்பார்கள். 1916இல் செல்லோவில் இதன் காரணத்தை விளக்கியவரும் ராமன்தான். டபுள் பேஸ்காரர் ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தின் ஓநாய் எங்கே பதுங்கியிருக்கிறது என்று அறிந்து வைத்திருப்பார். அந்தச் சுரத்தில் நீண்டு நிற்கும்படி எழுதும் இசையமைப்பாளர் வாசிப்பவருக்குக் கொடுமை செய்கிறார்.

வில் தந்தியில் பட்டவுடன் அந்த ஓடும் மூலை பிறந்துவிடாது. சில சுற்றுகள் குழப்பமாகக் கழிந்த பின்னரே அசைவு ஒழுங்குக்கு வரும். நோர்வேயின் க்னூட் கெட்லர் தேர்ந்த டபுள் பேஸ் கலைஞராக இருந்தவர். அதே சமயம் வில்லின் இயற்பியலில் ஸ்டொக்ஹோமில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர். அவரும் அண்டர்ஸ் அஸ்கென்ஃபெல்ட்டும் 1997இல் வயலின் சுரங்களைக் கேட்போரிடம் ஒலித்துக் காட்டிச் சோதித்தார்கள். தொடக்கக் கரகரப்பு 50 முதல் 90 மில்லிசெக்கன் வரை இருந்தால் காது பொறுத்துக்கொள்கிறது. வயலினில் அதற்குள் தந்தி பத்துச் சுற்றுக்கு மேல் ஓடிவிடும். டபுள் பேஸின் கீழ்த் தந்தியில் ஒரு சுற்றுக்கே 24 மில்லிசெக்கன் ஆகும். அதே பொறுமை எல்லைக்குள் அதற்குக் கிடைப்பது இரண்டு, மூன்று சுற்றுகள்தாம். அதற்குள் மூலை பிறந்தாக வேண்டும். தாழ்ந்த தந்தியில் தெளிவாக ஒரு சுரத்தைத் தொடங்குவது ஏன் பல ஆண்டுப் பயிற்சி என்பது இதனால் புரியும். அந்தத் தந்தியில் துரித காலத்தில் எழுதினால் கேட்பவருக்குச் சுரம் போய்ச் சேராது, கரகரப்பே போய்ச் சேரும்.

சுரங்களை அடுக்குவதிலும் இதே எச்சரிக்கை. வயலினில் காதுக்கு இனிக்கும் ஸ, க இரண்டையும் 41 ஹேர்ட்ஸில் தொடங்கி அடுக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பத்து ஹேர்ட்ஸ்தான் வித்தியாசம். செவி அவற்றைப் பிரித்தெடுக்க முடியாமல், செக்கனுக்குப் பத்து அதிர்ச்சியுள்ள ஒரு முரட்டு ஒலியாக வாங்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கீழே ஒற்றைச் சுரத்தையும் மேலே விரிவையும் வைக்கிறார்கள்.

தனி வாத்தியமாக டபுள் பேஸின் வரலாறு இந்தத் தடைகளைச் சுற்றிப் போட்ட பாதைகளின் வரலாறு. 18ஆம் நூற்றாண்டு வியன்னாவில் தந்திகளையே ஒரு இசைவுக் கூட்டாகச் சுருதி கூட்டி, அதற்கென்று டிட்டர்ஸ்டோர்ஃப், வன்ஹால் ஆகியோர் கொன்செர்ட்டோ எழுதினார்கள். வெனிஸின் டிராகொனெட்டி 1799இல் பேதோவனின் செல்லோ சொனாட்டா ஒன்றை டபுள் பேஸிலேயே அவர் முன்னால் வாசித்துக் காட்டினார். பொட்டெசினி மூன்று தந்தி வாத்தியத்தைக் கொண்டு ஓபரா பாடகர்களின் உயரத்துக்கு ஏறினார். 1871இல் கெய்ரோவில் 'ஐடா' ஓபராவின் முதல் அரங்கேற்றத்தை நடத்தியவரும் அவர்தான். இன்றும் தனிக் கச்சேரிக்கு எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச் சுரம் உயர்த்திக் கட்டும் வழக்கம் உண்டு. அதே தந்தியானால் இழுவிசை நாலில் ஒரு பங்கு கூடும் என்பதால் இதற்கென்று மெல்லிய தந்திகள் விற்கிறார்கள். இவர்களுக்குள் என் மனதுக்கு நெருக்கமானவர் இத்தாலியின் ஸ்தெஃபானோ ஸ்கோதனிப்பியோ. 2012இல் மறைந்தவர். மேற்சுரங்களையே மொழியாக்கி ஒற்றை டபுள் பேஸில் பல குரல்களை எழுப்பியவர்.

ஈழத்தோடு இணையும் பாதையும் ஒன்று உண்டு. வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்தவர். அவருடைய பிள்ளைகள் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் மூவரும் அங்கேயே வளர்ந்தார்கள். 1958 வன்முறைக்குப் பின் குடும்பம் சென்னைக்குப் போனது. இளையவரான எல். சங்கர் 1980இல் கிற்றார் வினைஞர் கென் பார்க்கரைக் கொண்டு பத்துத் தந்திகளும் இரண்டு கழுத்துகளும் கொண்ட ஒரு மின்வயலினைச் செய்வித்தார். ஒரே மனிதர், ஒரே வில், ஆனால் வீச்சு டபுள் பேஸின் ஆழத்திலிருந்து வயலினின் உச்சி வரை. தோளில் வைக்கும் சிறிய உடலில் இது எப்படி முடிந்தது? உடலுக்கு அதில் ஒலிபரப்பும் வேலையே இல்லை. தந்தியின் அதிர்வை மின்னாக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிட்டால் 1.7 மீற்றர் உடலின் தேவை தீர்ந்துபோகிறது. உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கமும் சாகிர் உசேனின் தபேலாவும் சேர்ந்த 'ஹூ இஸ் டு நோ' இசைத்தட்டில் அந்த வாத்தியத்தில் கர்நாடக இசையைக் கேட்கலாம். கீழ்ஸ்தாயியில் ஆலாபனை இறங்கும்போது, தமிழ்க் காதுக்கு அந்த ஆழம் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பது தெரியும்.

மின்சாரம் இல்லாத, மரத்தாலான டபுள் பேஸை மன்னாருக்குக் கொண்டுவந்தால் எங்கே வாசிப்பது? தலைமன்னார்க் கடற்கரை வேண்டாம். வெட்டவெளியில் ஒலி திரும்பி வர ஒரு சுவரும் இல்லை. தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபெல் போய்விடும். ஏற்கெனவே மெலிந்த தாழ்சுரம் அலையோசைக்குள் அமிழ்ந்துவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிர்ப்புறம் இருப்பவரின் தலைக்கு மேலே ஒலி வளைந்து போய்விடும். வெப்பத்தில் டபுள் பேஸின் மென்மையான ரொசின் இளகி ஓடும்; உப்புக் காற்றில் உருக்குத் தந்தி துருப்பிடிக்கும். வீட்டு அறையும் சரிவராது. மூன்றரை மீற்றர் அகல அறை 50 ஹேர்ட்ஸில் தானே அதிரத் தொடங்கும். அதற்குப் பக்கத்துச் சுரம் ஒன்று மட்டும் கூரையைத் தூக்க, மற்றவை ஒடுங்கிப்போகும்.

பொருத்தமான இடம் மாதா கோவில்தான். பேசாலை வெற்றி அன்னை ஆலயம் போன்ற உயர்ந்த, நீண்ட கட்டடத்துக்குள் எட்டரை மீற்றர் அலைக்கு இடம் உண்டு. கெட்டிச் சுவர்கள் தாழ்ந்த ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பும். அமெரிக்கரான பார் பிலிப்ஸ் 1968இல் டபுள் பேஸை மட்டும் வைத்து ஒரு முழு இசைத்தட்டைப் பதிவு செய்ததும் இலண்டன் தேவாலயம் ஒன்றில்தான். அப்படியான இடத்தில் ஒரு சுரம் அடங்குமுன் அடுத்தது வந்தால் இரண்டும் கலங்கும். ஆகவே இசை நிதானமாக நடக்க வேண்டும். அந்த நிதானம் நம் கரைக்குத் தெரியாததல்ல. தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தை இழுத்து இழுத்துப் பாடும் குரல்கள், கட்டடம் திருப்பிக் கொடுப்பதைக் கேட்டுத்தான் அடுத்த அடிக்குப் போகின்றன.

தமிழ் இசையமைப்பாளர் ஒருவர் இந்த வாத்தியத்துக்கு எழுத அமர்ந்தால் முதலில் கமகம் எதிரே வந்து நிற்கும். 105 சென்ரிமீற்றர் தந்தியின் மேல்முனையில் ஒரு முழுச் சுரத்துக்கான தூரம் பதினொன்றரை சென்ரிமீற்றர். வயலினில் அது மூன்றரைதான். பதினொன்றரை சென்ரிமீற்றரை விரைவாக அசைத்து ஆட்டுவது கையால் ஆகாது. ஆனால் தந்தியின் நடுவுக்கு வந்தால் அந்தத் தூரம் பாதியாகும். இரண்டு ஸ்தாயி மேலே போனால் மூன்று சென்ரிமீற்றருக்குள் அடங்கும், வயலினை விடக் குறைவு. ஆகவே கமகம் மேலே, ஆதார சுருதி கீழே என்று வாத்தியமே வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது.

சுருதியை எப்படிக் கட்டுவது? வழக்கமான நான்கில் ஆகத் தாழ்ந்த தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்கி, ஆக உயர்ந்ததை ஒரு முழுச் சுரம் ஏற்றுங்கள். 36.7, 55, 73.4, 110 ஹேர்ட்ஸ். இரண்டு கட்டைச் சுருதியில் இது ஸ, ப, ஸ, ப. நம் வயலினின் அதே அமைப்பு.

இப்போது மேல் இரண்டு தந்திகளை மட்டும் பாருங்கள். தந்தியை அழுத்தாமல், நாலில் ஒரு பங்கிலோ ஐந்தில் ஒரு பங்கிலோ உள்ள கணுவை விரல்நுனியால் தொட்டு வில்லைப் போட்டால் அந்த மேற்சுரம் மட்டும் பளிச்சென்று எழும். தந்தி நீளமானதால் கணுக்களும் தாராளமாக விலகியிருக்கின்றன: ஏழாவதற்கும் எட்டாவதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர். வயலினில் அது அரைச் சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும். ஸட்ஜத் தந்தியின் நான்காவது மேற்சுரம் 294, அது ஸ. பஞ்சமத் தந்தியின் மூன்றாவது 330, அது சதுஸ்ருதி ரிஷபம். ஸட்ஜத் தந்தியின் ஐந்தாவது 367, அந்தர காந்தாரம். பஞ்சமத் தந்தியின் நான்காவது 440, பஞ்சமம். அதன் ஐந்தாவது 550, காகலி நிஷாதம். ஸட்ஜத் தந்தியின் எட்டாவது 587, மேல் ஸட்ஜம். ஸ ரி க ப நி ஸ. இது ஹம்சத்வனியின் ஆரோகணம், ஒரு சுரமும் விடாமல், ஒரு தந்தியையும் அழுத்தாமல். இந்தச் சுரங்களை அசைக்க முடியாது, அவை நேராகத்தான் நிற்கும். கமகம் வேண்டிய இடத்தில் விரலை அழுத்தி வாசிக்க வேண்டும். நேராக நிற்கும் சுரத்தையும் அசையும் சுரத்தையும் எங்கே மாற்றி வைப்பது என்பதை எழுதுபவர் தீர்மானிக்கலாம். அவ்வப்போது வில்லைக் கீழே கொண்டுபோய் 36.7 ஹேர்ட்ஸ் ஸட்ஜத்தை ஒருமுறை திறந்து விட்டு, அது கட்டடத்தில் நிற்கும்போதே மேலே திரும்பி வரலாம்.